குச்சாய்ப் பாத்தி

ஈப்போவில், புந்தோங் வட்டாரத்து வரிசை வீடொன்றின் வாயிலைக் கடந்து செல்வோர் சில மாலைப் பொழுதுகளில் மூக்கைச் சுளித்துக்கொண்டு நிற்பதுண்டு. மல்லிகையோ செண்பகமோ மணக்கவேண்டிய முற்றத்தில் பூண்டு மணம் வீசினால் வேறென்ன செய்வார்கள்? மூக்கைச் சுளித்தவர்கள் கண்ணையும் சற்றுத் திருப்புவார்களேயானால், வேலியோரப் பாத்தியில் முழங்கால் உயரம் எழுந்து நிற்கும் தண்டுகளின் உச்சியில், வெள்ளை விண்மீன்களைக் கொத்தாகக் கோத்துக் குடைபோல் விரித்த பூக்களைக் காண்பார்கள். ஒரு கொத்தில் முப்பது நாற்பது சிறு பூக்கள். ஒவ்வொன்றிலும் ஆறு இதழ்கள். இதழின் புறத்தே மெல்லிய பச்சைக் கோடு. தேனீக்களுக்கு அந்த மணத்தைப்பற்றிக் குறை ஏதும் இல்லை. அவை வைகறை முதல் அங்கேயே கிடக்கின்றன.

அச்செடியின் பெயர் குச்சாய். வீட்டுக்கு உரியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஈப்போவில் குச்சாயை அறியாதவர் இலர். கோழித்துண்டும் இறாலும் இட்ட குவெய்த்தியாவ் சூப்பின்மேல் பச்சையாக மிதப்பது அது. வறுத்த குவெய்த்தியாவில் அவரைமுளையோடு கலந்து வருவதும் அதுதான். சந்தையில் இலையைக் கட்டாகவும், மொட்டோடு கூடிய பூந்தண்டைத் தனிக் கட்டாகவும் விற்கிறார்கள். மொட்டு விரிந்துவிட்டால் தண்டு நாராகிவிடும். பிறகு அதனை யாரும் வாங்கமாட்டார். எனவே, பூத்துக் குலுங்கும் குச்சாய்ப் பாத்தி என்பது அண்டை வீட்டாரின் கணக்கில் அறுக்கத் தவறிய கீரைப் பாத்தியே. “ஐயா, இப்படி முற்ற விட்டுட்டீங்களே!” என்று எதிர்வீட்டு அம்மையார் பலமுறை இரங்கியதுண்டு. ஆசிரியர் புன்னகையோடு ஒரு பிடி இலையை அறுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, பூவை அப்படியே விட்டுவிடுவார்.

தமிழாசிரியர் வளர்க்கும் செடி சொல்லாராய்ச்சியிலிருந்து தப்ப முடியுமா? அவரிடம் தமிழ் கற்ற மாணவர் எவரும் ‘உள்ளி’ என்னும் சொல்லைக் கேளாமல் பள்ளியை விட்டுப் போனதில்லை. வெங்காயத்தையும் பூண்டையும் ஒருங்கே குறித்த பழஞ்சொல் அது. யாழ்ப்பாணத்தார் இன்றும் உள்ளி என்றால் வெள்ளைப்பூண்டையே எடுத்துத் தருவார். கேரளத்தாரோ வெங்காயத்தை எடுத்துத் தருவார். தெலுங்கரும் கன்னடியரும் வெங்காயத்தின் பெயரில் அச்சொல்லைப் பேணி வைத்திருக்கின்றனர். ‘பூண்டு’ என்பதோ முதலில் எந்தச் சிறு செடிக்கும் உரிய பொதுப்பெயர். புல் பூண்டு என்று இன்றும் சொல்கிறோம் அல்லவா? பொதுப்பெயர் ஒன்று காலப்போக்கில் ஒரே செடிக்கு உரிமையாகிவிட்டது. குச்சாய் என்பது மட்டும் தமிழன்று; சீனர்களோடு கடல் கடந்து வந்த ஹொக்கியன் சொல். அதனை மலாய்க்காரர் ஏற்றனர்; தோட்டத்துத் தமிழரும் ஏற்றனர். மாண்டரின் மொழியில் இச்செடியின் பெயருக்கும், நெடுங்காலம் என்னும் பொருளுடைய சொல்லுக்கும் ஒலி ஒன்றே. அறுக்க அறுக்கத் தழைக்கும் செடிக்குப் பொருத்தமான ஒலிதான்.

ஆனால், வகுப்பில் அவர் மிகவும் விரும்பிச் சொன்ன செய்தி வேறொன்று. செடிநூலார் இதற்கு வழங்கும் இலத்தீன் பெயர் அலியம் டியூபரோசம். 1825 ஆம் ஆண்டில் சுப்பிரெங்கல் என்னும் செருமானிய அறிஞர் அப்பெயரை அச்சேற்றினார். ஏற்றியபோது அது தம் பெயரன்று, இரோட்லர் இட்ட பெயர் என்று குறித்தார். யார் இந்த இரோட்லர்? 1776 இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர்ச் சென்னைக்குப் பெயர்ந்து, 1836 இல் மறையும்வரை தமிழகத்திலேயே வாழ்ந்த சமயத் தொண்டர். செடி திரட்டுவதில் தீராத வேட்கை கொண்டவர். 1834 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த தமிழ் ஆங்கில அகராதியைத் தொகுத்தவரும் அவரே. அகராதி நிறைவுறுமுன் அவர் மறைய, எஞ்சியதைப் பிறர் முடித்தனர். தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்துப் பதியம் வைத்த கையே குச்சாய்க்கும் பெயர் சூட்டியது என்று ஆசிரியர் சொல்லும்போது, வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளைகளும் நிமிர்ந்து பார்ப்பார்களாம். டியூபரோசம் என்றால் கிழங்குடையது. குச்சாய்க்கு வெங்காயம்போல் திரண்ட குமிழ் இல்லை. மண்ணுக்கடியில் பக்கவாட்டில் ஓடும் தண்டுக்கிழங்கு உண்டு. பெயரிட்டவர் மண்ணைத் தோண்டிப் பார்த்தே பெயரிட்டிருக்கிறார்.

அந்தக் கிழங்கு ஈப்போவுக்கு வந்த கதை சுங்கை சிப்புட்டில் தொடங்குகிறது. பிளஸ் ஆற்றை ஒட்டிய இரப்பர்த் தோட்டம் ஒன்றில் ஆசிரியரின் பெற்றோர் பால்வெட்டுத் தொழிலாளர். விடியுமுன் பெரட்டு, பிறகு நிரை நிரையாக மரம், மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துக் காண்டாவில் சுமந்து நிறுவைக்குக் கொண்டு வருதல், மாலையில் லயத்தின் பின்புறக் காய்கறிப் பாத்தி. இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 1877 இல் சிங்கப்பூருக்கு வந்த 22 இரப்பர்க் கன்றுகளுள் சில கோலகங்சாரில் ஊன்றப்பட்டன என்பதைப் பாடநூல்கள் மறவாமல் சொல்கின்றன. அந்த மரங்களின் நிழலில் எத்தனை கொல்லைப் பாத்திகள் பச்சைப்பசேலென்று இருந்தன என்பதை எந்தப் பாடநூலும் சொல்வதில்லை. முருங்கை, கத்தரி, கறிவேப்பிலை, பாகல் எல்லாம் லயத்துப் பெண்களின் கையால் வளர்ந்தவை.

வெங்காயம் மட்டும் அந்த மண்ணில் கைகொடுக்கவில்லை. அது கப்பலில் வந்து கடையில் விற்றாக வேண்டும். கையில் காசில்லாத மாதக் கடைசியில் குழம்பு வெங்காயமின்றியே கொதிக்கும். ஆற்றுக்கு அக்கரையில் காய்கறி பயிரிட்ட சீன முதியவர் ஒருவருக்கு மாட்டெரு தேவைப்பட்டது. ஆசிரியரின் தாயார் இரண்டு கறவை மாடுகளை வைத்திருந்தார். இரண்டு கூடை எருவுக்கு ஒரு கொத்துக் குச்சாய். அதுதான் ஒப்பந்தம், பேச்சு முழுவதும் கைச்சாடையில் நடந்ததாம். அன்றுமுதல் அவ்வீட்டு அடையிலும் வடையிலும் கருவாட்டுக் குழம்பிலும் குச்சாய் மணத்தது. குழாயடியில் கழுநீர் பாயும் இடத்தருகே, ஆனால் நீர் தேங்காத மேட்டில், அவ்வம்மையார் அதனை நட்டார். எழுத்தறியாத அவர் அச்செடியை நன்றாக அறிந்திருந்தார்.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டத் துண்டாடல் பேராக்கிலும் பிற மாநிலங்களிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களை வேரோடு பெயர்த்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததற்கு அந்தத் துயரமே காரணம். இத்தோட்டம் அப்போது தப்பியது. பின்னர் இரப்பர் சாய்ந்து செம்பனை எழுந்தது. அதன்பின் நிலம் கைமாறி வீடமைப்புக்கு அளக்கப்பட்டது. 1989 இல், தந்தையார் மறைந்து சில ஆண்டுகள் கழிந்திருந்த நிலையில், ஆசிரியர் தம் தாயாரை ஈப்போவுக்கு அழைத்துக்கொள்ள முடிவு செய்தார். தமக்கையார் அதனை விரும்பவில்லை. லயம் இருக்கும்வரை அம்மா லயத்திலேயே இருக்கட்டும், அப்பாவைப் புதைத்த இடமும் மாரியம்மன் கோயிலும் அருகில் இருக்கின்றன என்பது அவர் வாதம். மருத்துவமனை அருகில் இருக்கவேண்டும் என்பது தம்பியின் வாதம். இரண்டிலும் நியாயம் இருந்தது. இரண்டையும் ஒருங்கே நிறைவேற்றத்தான் வழியில்லை.

புறப்படும் நாளில் தாயார் குச்சாய்க் கொத்தைத் தோண்டி இரண்டாகப் பிளந்தார். ஒரு பாதியை மகளிடம் கொடுத்தார். மறு பாதியைப் பழைய பால்வாளியில் வைத்துத் தாமே மடியில் சுமந்து வந்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஈப்போவில் காலமானார். தோட்டத்து இடுகாட்டில் கணவரருகே அவரை அடக்கம் செய்ய இயலவில்லை. நிலம் அப்போது கைமாறிவிட்டது. உடல் ஈப்போவிலேயே எரியூட்டப்பட்டது. தமக்கையார் துக்க வீட்டில் எல்லார் முன்னிலையிலும் ஒரே ஒரு சொற்றொடர் சொன்னார்: “அம்மாவைப் பிடுங்கிக்கிட்டு வந்து வேற மண்ணுல நட்டுட்டே.” அஸ்தி கரைப்புக்கு அவர் வரவில்லை. அதன்பின் திருமண வீடுகளில் கண்டால் “சுகமா?” என்பதோடு சரி. சுங்கை சிப்புட்டுக்கும் ஈப்போவுக்கும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்.

குச்சாய் மட்டும் புந்தோங் முற்றத்தில் செழித்தது. பணிக்காலத்தில் ஆசிரியர் அதனைப் பெரிதாகக் கவனித்ததில்லை. ஓய்வுக்குப் பிறகே அதன் பூவைக் கண்டார் எனலாம். ஒரு வேனிற்காலத்தில், இங்கிலாந்தில் குடியேறிய மகள் தம் வீட்டுத் தோட்டத்துப் படம் ஒன்றை அனுப்பினார். இடுப்பளவுத் தண்டின் உச்சியில் பந்து பந்தாக ஊதா நிறப் பூக்கள். “இதுவும் வெங்காய இனம்தான், அப்பா” என்று கீழே எழுதியிருந்தது. ஆசிரியருக்கு உறக்கம் போயிற்று.

அலங்கார வெங்காயங்களின் உலகம் மிகப் பெரியது. அலியம் என்னும் பேரினத்தில் எண்ணூறுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை வடபாதி உலகின் குளிர்நாடுகளிலும் நடு ஆசியாவின் வறண்ட மலைச்சரிவுகளிலும் வளர்பவை. அவற்றுள் ஒன்று ஆள் மார்பளவு உயரும். மற்றொன்று தரையோடு தரையாக மஞ்சள் பூக்கும். இன்னொன்றின் பூப்பந்து உலர்ந்தபின்னும் வெள்ளிக் கம்பிகளாலான உருண்டைபோல் நிற்கும். டச்சுக்காரர்கள் துலிப்பைப்போலவே இவற்றின் குமிழ்களையும் உலகெங்கும் விற்கிறார்கள். பெருக்குவதற்கு மூன்று வழிகள்: தாய்க்குமிழின் அருகே திரளும் சேய்க்குமிழைப் பிரித்து நடலாம், விதை தூவலாம், ஆனால் பூக்காண மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் பொறுக்கவேண்டும், சில இனங்களில் பூங்கொத்திலேயே சிறு குமிழ்கள் தோன்றும், அவற்றை ஊன்றலாம்.

ஆசிரியர் விற்பவர் ஒருவரிடம் எலுமிச்சை அளவான குமிழ்கள் ஐந்தை வாங்கினார். ஈப்போவின் வெயிலுக்கும் அவற்றுக்கும் ஒவ்வாது என்பதைப் படித்து அறிந்தே வாங்கினார். அக்குமிழ்கள் பத்து வாரத்துக்குக் குறையாத குளிரை உணர்ந்தாலொழியப் பூந்தண்டை விடா. மண்ணுக்கடியில் கிடந்தபடியே அவை குளிர்காலத்தைக் கணக்கிடுகின்றன. கணக்கு நிறைந்தால்தான் பூ. ஈப்போவிலோ குளிர்காலமும் இல்லை. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே அரைமணி வேறுபாடுதான் உண்டு. ஆகவே குளிர்ப்பெட்டியின் காய்கறித் தட்டையே மத்திய ஆசிய மலைச்சரிவாக்கினார். ஆப்பிள் பழத்தை அருகில் வைக்கக்கூடாது. கனியும் பழத்திலிருந்து எழும் வாயு குமிழுக்குள் உறங்கும் பூமொட்டைக் கெடுத்துவிடும். வீட்டில் மூன்று மாதம் ஆப்பிள் வாங்கவில்லை. அவர் மனைவியார் ஒருநாள் சாம்பாருக்காக அதில் ஒன்றை எடுத்துத் தோலுரிக்கப் போனதும், ஆசிரியர் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளை வீசிவிட்டு ஓடி வந்ததும் அந்தத் தெருவே அறிந்த கதை.

குளிர் முடிந்ததும் நட இடம் வேண்டுமே. முற்றத்தில் காலை வெயில் நன்றாக விழுவதும், நீர் வடிவதும் ஒரே பாத்திதான். அதில் குச்சாய் இருந்தது. அதனைத் தோண்டி ஒரு பீங்கான் தொட்டியில் அடைத்துக் கொல்லைப்புறத் தாழ்வாரத்தின் நிழலில் வைத்தார். தொட்டிக்கு அடியில் துளை உண்டா என்று பார்க்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக எதையும் கேளாமல் தழைத்த செடி, இரண்டு மாதம் நிழலில் இருக்கமாட்டாதா என்று எண்ணினார் போலும். நம்பிக்கைக்குரியவர்களை நாம் நடத்தும் முறை பெரும்பாலும் இதுதான்.

ஊதா வெங்காயங்கள் முளைத்தன. பட்டையான இலைகள் இரண்டு சாண் நீண்டன. மூன்றாம் வாரம் நுனி கருகின. ஒரு குமிழும் பூந்தண்டு விடவில்லை. அக்டோபர் மழை இறங்கியது. ஈப்போவில் ஆண்டின் பெருமழை பருவக்காற்று மாறும் மாதங்களிலேயே பெய்யும். பிற்பகலில் மலைமேல் கருமேகம் ஏறினால் மாலைக்குள் வடிகால் நிரம்பும். ஒரு வாரத்தில் ஐந்து குமிழ்களும் மண்ணுக்கடியில் கூழாயின. தோண்டிப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவக் கொல்லைப்புறம் சென்றபோதுதான் அவர் பீங்கான் தொட்டியைப் பார்த்தார். தொட்டியில் விளிம்புவரை நீர் நின்றது. குச்சாய் இலைகள் மஞ்சளாகி நீரின்மேல் படிந்து கிடந்தன. கவிழ்த்துக் கொட்டியபோது வந்த நாற்றம் பூண்டு நாற்றமன்று, அழுகல் நாற்றம். நல்ல வேர் ஒன்றுகூட இல்லை.

விதை இல்லையா என்று கேட்கத் தோன்றும். பூத்தபின் கறுத்த தட்டையான விதைகள் காய்க்கத்தான் செய்கின்றன, சேர்த்தும் வைத்திருந்தார். ஆனால் வெங்காய இனத்து விதைகளுக்கு ஆயுள் குறைவு. ஓராண்டு கடந்தால், அதுவும் இந்த நாட்டின் ஈரத்தில், முளைப்புத் திறன் பெரும்பாலும் போய்விடும். அவரிடம் இருந்தவை மூன்றாண்டுப் பழைய விதைகள். நனைத்த துணியில் வைத்துப் பதினைந்து நாள் பார்த்தார், பூஞ்சைதான் முளைத்தது. சந்தையில் வேருடன் குச்சாய் வாங்கி நட எவ்வளவு நேரமாகும்? அதை அவர் செய்யவில்லை. பால்வாளியில் வந்த செடி உலகில் இன்னும் ஓர் இடத்தில்தான் இருக்கக்கூடும்.

சுங்கை சிப்புட்டுப் பேருந்து சிம்மோரைக் கடந்து, சுண்ணாம்புக் குன்றுகளுக்கு இடையே வடக்கு நோக்கிப் போகும். பழைய இரப்பர் நிரைகள் இருந்த இடங்களில் செம்பனையும், செம்பனை இருந்த இடங்களில் ஓட்டு வீடுகளும் தெரியும். தமக்கையார் குறைந்த விலை வீடொன்றில் மகன் குடும்பத்தோடு இருந்தார். எண்பதை நெருங்கிய வயது. கதவுக்கு வெளியே நின்றவரைக் கண்டதும், “யாரு, வாத்தியாரா?” என்றார். தம்பி என்று அழைக்கவில்லை. காப்பி வந்தது. பேரப்பிள்ளைகளின் படிப்பு பேசப்பட்டது. கடைசியில் ஆசிரியர் தாம் வந்த காரணத்தைச் சொன்னார். நிழலில் வைத்ததையும், துளையில்லாத் தொட்டியையும், ஊதாப் பூவையும் மறைக்காமல் சொன்னார். தமக்கையார் நெடுநேரம் பேசவில்லை.

“பூவுக்காகவா?” என்று பிறகு கேட்டார்.

“ஆமாங்க்கா.”

அவர் எழுந்து வீட்டின் பின்புறம் நடந்தார். வேலியோரம் பழைய மங்குகளைக் கவிழ்த்து விளிம்பு கட்டிய மேட்டுப்பாத்தியில் குச்சாய் அடர்ந்து நின்றது. அதற்குச் சற்றுத் தள்ளி, அதே போன்ற இலையோடு இன்னொரு செடி வரிசையாக நின்றது. மழை பெய்த மறுநாள் இளஞ்சிவப்பாகப் பூக்கும் சிறு அல்லி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் அல்லியின் குமிழும் இலையும் நஞ்சு. கசக்கி முகர்ந்தால் பூண்டு மணம் வராது, அதுவே அடையாளம். “பேத்திங்ககிட்ட மோந்து பார்த்துட்டு அறுக்கச் சொல்லியிருக்கேன்” என்றார் தமக்கையார். வாத்தியாருக்கும் அதையே சொன்னார், அவர் அறியாதவர்போல.

பிரித்து நட்டதில் அவர் காட்டிய முறை தாயாருடையது. முதலில் இலைகளைத் தரைக்கு நான்கு விரல் மேலே ஒட்ட அறுத்தார். பிறகு மண்வெட்டியால் கொத்தைச் சுற்றிலும் கிண்டி, மண்ணோடு தூக்கி, தண்ணீரில் அலசினார். பின்னிக் கிடந்த தண்டுக்கிழங்கைப் பழைய பால்வெட்டும் உளியால் பிளந்தார். நான்கைந்து முளை கொண்ட துண்டாகப் பிரித்தார். ஒற்றை முளை நட்டால் தேறுவதற்கு நாளாகும். நீண்ட வேர்களை விரல் அளவுக்குக் கத்தரித்தார். நடும்போது ஒரு சாண் இடைவெளி வேண்டும்; முன்பிருந்த ஆழமே இருக்க வேண்டும், அதற்குமேல் புதைக்கக்கூடாது; இரண்டு மாதம் அறுக்கக்கூடாது; ஒவ்வோர் அறுப்புக்குப் பின்னும் எரு இட வேண்டும்; மூன்றாண்டுக்கு ஒருமுறை தோண்டிப் பிரிக்காவிட்டால் கொத்து நடுவில் நெருங்கி மெலிந்துவிடும். நூல்களில் ஆசிரியர் படித்தவற்றுக்கும் இதற்கும் வேறுபாடு ஏதும் இல்லை. 1989 க்குப் பிறகு அவர் ஒருமுறைகூடப் பிரித்ததில்லை என்பதுதான் வேறுபாடு.

துண்டுகளை ஈரச்சாக்கில் சுற்றும்போது தமக்கையார் குனிந்தபடியே கேட்டார்: “அம்மாவை எங்க கரைச்சே?”

“கோலகங்சார்ல, ஆத்துல.”

பேராக் ஆற்றில் என்று அவர் சொல்ல வேண்டியதில்லை. பிளஸ் ஆறு பேராக் ஆற்றில் போய்க் கலப்பதைத் தோட்டத்துப் பிள்ளைகள் இருவரும் சிறுவயது முதலே அறிவார்கள். தமக்கையார் சாக்கின் வாயைச் சணலால் இறுக்கிக் கட்டினார். முடிச்சை இருமுறை போட்டார்.

அந்தத் துண்டுகள்தாம் இப்போது புந்தோங் முற்றத்தில் பூத்திருப்பவை. பாத்தியை அவர் ஒரு சாண் உயர்த்தி, பழைய ஈயச் சுரங்க மணலையும் மாட்டெருவையும் கலந்து, அதே காலை வெயிலில் நட்டார். முதலாண்டு பூந்தண்டுகளைக் கிள்ளிவிட்டார். செடி வேரூன்ற வேண்டும். இரண்டாம் ஆண்டு விட்டுவைத்தார். எல்லாச் சூழலிலும் குச்சாய் இப்படிப் பூப்பதில்லை. குளிர்நாட்டு வகைகள் நீண்ட பகலை எதிர்நோக்கும். தைவானியர் தேர்ந்தெடுத்த சில வகைகளோ பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் ஆண்டு முழுவதும் தண்டு விடும். அக்கரைச் சீன முதியவரின் குச்சாய் எந்த வகையென்று அறிய இப்போது வழியில்லை. அது பூக்கிறது.

தீபாவளிக்கு மறுநாள் தமக்கையார் மகனின் வண்டியில் வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றாமல் நேரே பாத்தியருகே போனார். விரிந்து நின்ற கொத்துகளை இடுப்பில் கைவைத்தபடி பார்த்தார்.

“முத்த விட்டுட்டியே, தம்பி” என்று சொல்லிக்கொண்டே, உள்ளே சென்று கத்தியைக் கொண்டு வந்தார்.